பாட்டுக்காரரை ஏற்றிப்போன வருடங்கள்

ஒரு பாடகருக்குத் தடிமன் பிடித்துத் தொண்டை கட்டினால் இன்னொரு பாடகருக்கு அன்று வேலை. ஜேர்மனியில் இப்படி ஒரு பிழைப்பு இருப்பது, இந்த நாட்டுக்கு வந்து பதினாறு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. தெரியவைத்தவர் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருந்த உக்ரைன்காரர்.

2002ஆம் ஆண்டு. நான் கெல்சென்கிர்ச்சனில் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் ஓபரா பாடகர். டெனர் என்பார்கள், ஆண் குரல்களில் உச்சத்துக்குப் போகிற குரல். ஓபராக் கதைகளில் காதலிப்பவரும் பெரும்பாலும் டெனர்தான், கடைசியில் செத்துப்போகிறவரும் பெரும்பாலும் டெனர்தான். பக்கத்து நகரத்து அரங்கம் ஒன்றுக்கு இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்தவர். பிறகு அந்த அரங்கத்துக்குப் புது இயக்குநர் வந்தார். புது இயக்குநர் வந்தால் பழைய பாடகர்களின் ஒப்பந்தத்தை நீட்டாமல் விட்டு, தன் ஆட்களைக் கொண்டுவருவது இங்கே வழமை. எங்கள் ஊரில் மந்திரி மாறினால் கந்தோர்ப் பியோன் வரைக்கும் மாறுவதில்லையா, அதேதான். நாகரிகமான கடிதத் தாளில் செய்வார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்குப் பிறகு அவர் 'ஐன்ஸ்பிரிங்கர்' ஆனார். நோயாளியான பாடகரின் இடத்தில் கடைசி நேரத்தில் போய் நின்று பாடுகிறவர். முப்பதுக்கு மேற்பட்ட பாத்திரங்களின் பாட்டெல்லாம் அவருக்கு மனப்பாடம். கதவடியில் ஒரு பெட்டி எப்போதும் கட்டியபடி இருக்கும்: கறுப்புக் கோட்டு, மினுக்கிய சப்பாத்து, வெந்நீர்ப் போத்தல். காலை ஒன்பதுக்கும் மதியத்துக்கும் இடையில்தான் அழைப்பு வரும். காலையில் எழுந்து வாயைத் திறக்கும்போதுதானே ஒரு பாடகருக்குத் தன் குரல் போய்விட்டது தெரியும். அந்த மூன்று மணித்தியாலமும் இவர் கடைக்குக்கூடப் போகமாட்டார். கைபேசியை மேசையில் வைத்துவிட்டுச் சேர்ட்டுகளுக்கு அயர்ன் போட்டுக்கொண்டிருப்பார். அயர்ன் போட்ட சேர்ட்டுக்கே மறுநாளும் அயர்ன் போடுவார் என்று என் மனைவி சொல்வாள். மேலே அயர்ன் பெட்டி தட்டும் சத்தம் எங்கள் குசினிக்குக் கேட்கும்.

அவருடைய மனைவியும் பத்து வயது மகளும் உக்ரைனில் இருந்தார்கள். அவர்களை அழைப்பதற்கு வெளிநாட்டவர் அலுவலகம் நிரந்தர வருமானம் கேட்டது. யார் யாருக்கு எப்போது தடிமன் பிடிக்கும் என்பதை எந்தப் பத்திரத்தில் எழுதிக் கொடுப்பது? ஏதாவது ஒரு அரங்கம் இவரை நிலையாக எடுக்கவேண்டும். எடுத்தால் குடும்பம் வரும், எடுக்காவிட்டால் வராது. வேறு வழியில்லை. என் மனைவி நாலு வருடம் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்து எனக்காகக் காத்திருந்தவள். ஆகவே அவருடைய கவலையை எனக்கு யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கும் அவருக்கும் பொதுவாக இருந்தது ஓட்டை ஜேர்மன் மட்டும். அவர் ஒரு பக்கம் ஓட்டை விடுவார், நான் மற்றப் பக்கம் விடுவேன். அதை இப்போது நினைக்கும்போது என் தலைக்குள் அவர் என் மொழியில்தான் பேசுகிறார். உக்ரைன்காரர் யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிறாரே என்று யாரும் மல்லுக்கு நிற்கவேண்டாம்.

மே மாதத்து ஞாயிறு ஒன்று. மழை. நான் இறைச்சிக்கறி வேகும் மணத்தில் சந்தோசமாக இருந்தபோது கதவு தட்டப்பட்டது. அவர் சேர்ட்டுப் பொத்தானை மாறிப் பூட்டிக்கொண்டு நின்றார். வடக்கே, கடல் பக்கத்து நகரம் ஒன்றில் நாலு மணிக்கு ஓபரா. அங்கே டெனருக்குக் குரல் இல்லை. தண்டவாள வேலையால் ரயில் ஓடவில்லை, அரங்கமே டாக்சி பிடித்து வரச் சொல்லியிருக்கிறது. இரண்டரை மணித்தியால ஓட்டம். கறியைத் திரும்பியும் பார்க்காமல் டாக்சித் திறப்பை எடுத்தேன்.

அவர் முன் சீட்டில் ஏறினார். கழுத்தைச் சுற்றிச் சால்வை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் குறிப்புப் புத்தகத்தையும் பென்சிலையும் எடுத்து மடியில் வைத்தார். பாட்டைப் பற்றி ஏதோ எழுதப்போகிறார் என்று நினைத்தேன். குளிருமே என்று ஹீட்டரை உச்சத்தில் வைத்தேன். பிறகு பேசத் தொடங்கினேன்.

எங்கள் ஆட்களுக்குள் ஒருவரை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு பேசாமல் ஓட்டினால், அவரோடு கோபம் என்று அர்த்தம். அல்லது தலைக்கனம் என்று அர்த்தம். இரண்டரை மணித்தியாலம் ஒரு மனிதரைப் பேசாமல் வைத்திருப்பதா? என்ன வளர்ப்பு அது? மகள் எத்தனையாம் வகுப்பு, மனைவி வேலை செய்கிறாவா, அங்கே சொந்த வீடா வாடகை வீடா, அப்பா இருக்கிறாரா, எத்தனை சகோதரம், யார் யார் எங்கே, நீங்கள் பாட்டுப் படித்தது எத்தனை வருடம், அதற்குள் ஒரு டொக்டருக்குப் படித்திருக்கலாமே. ஒன்றையும் விடவில்லை. நெடுஞ்சாலை இரைச்சலில் அவர் சத்தமாகப் பதில் சொல்லவேண்டியிருந்தது. முதல் கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொன்னார். இரண்டாவதற்கு மடியிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். மூன்றாவதற்கு அதைத் திரும்பப் பையில் வைத்துவிட்டார்.

பிறகு அவர்தான் பேசினார். மகளுக்குப் பல்லு ஆடியபோது அவள் அதைத் தொலைபேசியில் ஆட்டிக் காட்டப் பார்த்ததைச் சொன்னார். தகப்பன் சுரங்கத் தொழிலாளி, மகன் மேடையில் சாயம் பூசுகிறான் என்று ஒரு வருடம் முகம் பார்க்கவில்லையாம். சிரித்தார். கண்ணையும் துடைத்தார். அன்றைய ஓபராவின் கதையைக்கூடக் கேட்டு வாங்கினேன். பாதி வழி தாண்டிய பிறகு அவர் சொன்னார்:

"அண்ணை, அங்க வாற வருசத்துக்கு ஒரு டெனர் தேடுகினம். இண்டைக்கு இயக்குநரும் வந்து இருந்து கேட்பார்."

டாக்சி நிற்பாட்டும் இடத்தில் எங்கள் பொடியள் என்னை அண்ணை என்பதைக் கேட்டு அவரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

"அப்ப இண்டைக்கு உங்கட நாள்!" என்று சொல்லி, ஸ்டியரிங்கில் ஒரு தட்டுத் தட்டி, இன்னும் கேள்வி கேட்டேன்.

அரங்கத்தில் எனக்குக் கடைசி வரிசையில் ஒரு இருக்கை தந்தார்கள். வாழ்க்கையில் முதல் ஓபரா. மேடையில் நடித்தவர் அந்த ஊர் டெனர்தான். அவருக்குக் குரல்தான் இல்லை, கை கால் சுகமாக இருந்தது. அவர் உடுப்புப் போட்டு ஓடித் திரிந்து வாயை மட்டும் அசைத்தார். எங்கள் ஆள் மேடையின் ஓரத்தில், கறுப்புக் கோட்டோடு, இசைத்தாள் வைக்கும் தாங்கிக்கு முன்னால் அசையாமல் நின்று பாடினார். எங்கள் சினிமாவில் பின்னணிப் பாடகரை ஒளித்து வைப்பார்கள். இங்கே அவரையும் வெளிச்சத்தில் நிறுத்தியிருந்தார்கள். எனக்கு அது பிடித்துக்கொண்டது. கட்டிப்பிடிப்பது ஒருவர், உருகுவது இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் நான் நடிப்பவரைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். ஒலிவாங்கி இல்லாமல் ஒரு மனிதத் தொண்டை அவ்வளவு பெரிய மண்டபத்தை நிரப்பும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

கடைசி அங்கத்தில் அவர் உச்சத்துக்குப் போன இடத்தில் குரல் இரண்டாகப் பிளந்தது. அழுகிறார் என்று நினைத்தேன். கதையில் காதலி சாகிறாள், அழாமல் என்ன செய்வார்? கையைத் தட்டினேன். பக்கத்தில் இருந்த கிழவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நிறுத்தினேன். முடிவில் சனம் எழுந்து நின்று அவருக்குத்தான் அதிகம் தட்டியது. அன்றைய நிகழ்ச்சியைக் காப்பாற்றிக் கொடுத்தவர் என்று அந்த மரியாதை.

அவரை ஏற்றிப்போக மேடை வாசலில் காத்து நின்றேன். அங்கே காவலில் இருந்த பெண் பின்னல் ஊசியோடு ஒலிபெருக்கியில் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள். ரயிலில் வந்தாரா என்று கேட்டாள். இல்லை, என் டாக்சியில், வழி முழுக்க நல்ல கதை என்றேன் பெருமையாக. அவளுடைய ஊசி நின்றது.

"வழி முழுக்கக் கதைச்சவரோ? பாடுற நாளில பாடகர் கதைக்கமாட்டினமே. எங்கட ஆக்கள் வீட்டில மனிசியோடயும் அண்டைக்கு எழுதித்தான் காட்டுவினம். அதுதான் மேல போன இடத்தில உடைஞ்சது."

அந்தக் குறிப்புப் புத்தகம் எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் என்னுடையது, கெட்டது இன்னொருவர்.

திரும்பி வரும்போது நான் கல்லுப் பிள்ளையார் போல இருந்தேன். அவர்தான் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். உடைந்த இடத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. அன்றைய உதவிக்கு மிகுந்த நன்றி, இடத்துக்கு வேறொருவரை எடுத்துவிட்டார்கள். கடிதத்தை அவரே கொண்டுவந்து எங்கள் மேசையில் வைத்து, ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டார். "வருத்தத்துடன்" என்ற சொல். மேடை வாசல் பெண் சொன்னதை நான் அன்றே என் மனைவியிடம் சொல்லியிருந்தேன். அவர் படியேறிப் போகும்வரை அவள் காத்து நின்றாள்.

"இஞ்சேருங்கோ, அந்த மனிசன் பாடப் போன ஆள். நீங்கள் அவரிட்ட கிளிநொச்சி பஸ்சில கதைக்கிற மாதிரிக் கதைச்சனீங்களே? கேட்கவேண்டியதை மட்டும் கேட்கத் தெரியாதே உங்களுக்கு?"

"கதைக்காமல் என்னெண்டு கூட்டிக்கொண்டு போறது?"

"மேல போய்ச் சொல்லுங்கோ, என்னாலதான் எண்டு."

சொல்லவில்லை. படி இருபத்திரண்டு. பல தடவை பாதிப் படி ஏறி, குப்பைப் பையை மறந்தவன் போல இறங்கியிருக்கிறேன். ஒரு சிறுமி தகப்பனிடம் வராமல் போனது என் அரட்டையால் என்று எந்த முகத்தோடு சொல்வது?

ஆனால் அவர் திரும்பவும் என்னைத்தான் கூப்பிட்டார். ரயில் ஓடுகிற நாளிலும், அரங்கம் சம்மதித்தால், என்னைத்தான். அந்த நாலு வருடத்தில் எத்தனை ஊர் போயிருப்போம் என்று நான் எண்ணவில்லை. இந்தப் பயணங்களில், தொண்டை காயக்கூடாதென்று, நான் ஹீட்டரைக் குறைத்து வைத்தேன், வானொலியை நிறுத்தினேன், வாயை மூடினேன். எங்கள் ஆட்கள் யாரும் நம்பமாட்டார்கள். நாலு மணித்தியாலம் நான் வாய் திறக்காமல் ஓட்டியிருக்கிறேன். அவருக்கு ஏதாவது வேண்டுமென்றால் புத்தகத்தில் எழுதிக் காட்டுவார்: "சிறுநீர்". நானும் அடுத்த சிக்னலில் பென்சிலை வாங்கிக் கீழே எழுதுவேன்: "பத்து நிமிடம்". ஒருநாள் அவர் அதை வாசித்துவிட்டுக் குலுங்கிச் சிரித்து, இன்னொரு வரி எழுதினார். "அண்ணை, நீங்கள் பாடப் போறதில்லை. நீங்கள் கதைக்கலாம்." நான் தலையாட்டிவிட்டு மறுபடி பேசாமல் ஓட்டினேன்.

அந்தப் பயணங்களுக்கு நான் அவருக்குக் கடமைப்பட்டவன். இதை நேராகவே எழுதுகிறேன். அகதி விண்ணப்பம் போட்டு முடிவுக்காக இருந்த வருடங்களில் எனக்கு இந்த மாவட்டத்தைத் தாண்டிப் போக அனுமதி இல்லை. கொலோனில் இருந்த தம்பியைப் பார்க்கவும் அனுமதித் தாள் வாங்கவேண்டும். தாள் இல்லாமல் போய் ஒருமுறை பிடிபட்டும் இருக்கிறேன். விசா கிடைத்த பிறகும், பழகிய மாடு கயிறு இல்லாமலும் அந்த இடத்திலேயே நிற்பதுபோல, கெல்சென்கிர்ச்சன் இருக்கும் இந்த ரூர்ப் பகுதியை விட்டு நான் போனதில்லை. இவர்தான் என்னை வெளியே கொண்டுபோனார். பாடகர் வாசலால் உள்ளே போய், மேடையின் பக்கத் திரைக்குப் பின்னால் காவல் இருக்கும் தீயணைப்பு வீரருக்குப் பக்கத்தில் வாங்கு போட்டு இருந்து, இந்த நாட்டின் பாதி அரங்கங்களை நான் பார்த்திருக்கிறேன். எந்த இடத்தில் மூச்செடுப்பார், எந்த இடத்துக்கு முன்னால் குதிகாலை ஊன்றுவார் என்று எனக்கு அத்துப்படி. அந்த உச்ச இடம் வரும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டு நல்லூர்க் கந்தனைக் கூப்பிட்டிருக்கிறேன். ஒருமுறைகூட அது பிறகு உடையவில்லை. உடையாத ஒவ்வொரு தடவையும் எனக்கு இன்னும் மோசமாகத்தான் இருந்தது. அன்றைக்கும் நான் வாயை மூடியிருந்தால் இப்படித்தானே பாடியிருப்பார்.

பாராட்டு வந்தது, நிலையான இடம் வரவில்லை. எல்லாரும் அவரை ஆபத்துக்கு உதவுகிறவராகவே தெரிந்து வைத்திருந்தார்கள். குடும்பத்தை அழைக்கும் விண்ணப்பம் இரண்டு தடவை திரும்பி வந்தது. இரண்டாவது தடவை மகளுக்குப் பதின்மூன்று வயது. தொலைபேசியில் தகப்பனோடு பேச வரமாட்டேன் என்கிறாளாம். அதை எங்கள் குசினியில் வந்து இருந்து சொன்னார். என் மனைவி அவருக்குத் தேத்தண்ணி வைத்துக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் யன்னலைப் பார்த்தேன்.

2006 தொடக்கத்தில் பக்கத்து நகர அரங்கத்தின் சேர்ந்திசைக் குழுவில் ஒரு டெனர் இடம் வந்தது. கதாநாயகன் பாடும்போது பின்னால் ஊர்ச்சனமாகவும் படைவீரராகவும் நின்று பாடுகிற நாற்பது பேர். தனிப் பாடகரின் ஒப்பந்தம் வருடத்துக்கு வருடம் தொங்கும், குழுவில் எடுபட்டவருக்கு ஓய்வு பெறும்வரை வேலை. ஆனால் தனியாகப் பாடியவர் ஒருவர் குழுவுக்குள் போனால், அதற்குப் பிறகு அவரைத் தனியாகப் பாட யாரும் கூப்பிடமாட்டார்கள். அவருடைய முகவர் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். போனால் நம் உறவு முடிந்தது என்றாராம்.

அவர் போனார். எடுத்தார்கள். முதல் மாதம் முழுக்க, உங்கள் குரல் தனியாகக் கேட்கிறது, குறையுங்கள் குறையுங்கள் என்று குழுத் தலைவர் சொல்லிக்கொண்டிருந்தாராம். சொல்லும்போது அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதவடிப் பெட்டியைப் பிரித்து, கோட்டை அலுமாரியில் மாட்டினார்.

செப்டம்பரில் ஒரு மதியம் மனைவியும் மகளும் டுசல்டோர்ஃப் விமான நிலையத்துக்கு வந்தார்கள். கூட்டிவர நான்தான் ஓட்டினேன். விமானம் தாமதம். இரண்டு பேரும் வருகை வாசலுக்கு எதிரே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவர் கையில் பூங்கொத்து. காகிதத்தை நசுக்கி நசுக்கி அது பிய்ந்துபோயிருந்தது. இனியும் சொல்லாவிட்டால் எப்போது சொல்வது? அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முன்னம் சொல்லிவிடவேண்டும் என்று தோன்றியது.

"அண்டைக்கு உங்கட குரல் உடைஞ்சது என்னால. நான் கதைக்கக் கதைக்க நீங்களும் கதைச்சனீங்கள். எனக்குத் தெரியாது, பாடுற நாளில கதைக்கக்கூடாது எண்டு. அந்த வேலை கிடைச்சிருந்தால் நாலு வருசத்துக்கு முதலே இவையள் வந்திருப்பினம். நீங்களும் இப்ப நாற்பது பேருக்குள்ள நிக்கமாட்டியள்."

அவர் வாசலைப் பார்த்தபடியே இருந்தார். அப்படியெல்லாம் இல்லை என்று சொல்வார், நானும் நம்பியதுபோல நடிக்கவேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"ஓம் அண்ணை. அதாலதான். பாதி வழியிலயே எனக்குத் தொண்டை சொல்லிப்போட்டுது, இண்டைக்கு மேல போகாது எண்டு."

"பிறகு ஏன் கதைச்சனீங்கள்? ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் வாயை மூடியிருப்பனே!" எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"அந்த மாதம் எனக்கு ஒரு அழைப்பும் வரேல்லை. பதினொரு நாள் அந்த அறையில ஒருத்தரோடயும் ஒரு சொல்லும் கதைக்கேல்லை. குரலை வச்சுக் காப்பாத்திக்கொண்டு இருந்தன். நீங்கள் மகளைப் பற்றிக் கேட்டியள். நிப்பாட்டியிருக்கலாம். எனக்கு மனம் வரேல்லை."

நான் மன்னிப்புக் கேட்டேனா என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. கதவு திறந்து ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள்.

மகள் தாயின் உயரத்துக்கு வந்திருந்தாள். தகப்பனுக்குக் கன்னத்தைக் கொடுத்துவிட்டு உடனே விலகி நின்றாள். பின் சீட்டில் தாயும் மகளும், முன்னால் அவர். நெடுஞ்சாலையில் ஏறியும் யாரும் பேசவில்லை. மகள் யன்னலுக்கு வெளியே பார்த்தாள். மனைவி கைப்பையின் பூட்டைத் திறந்து திறந்து மூடினாள். அவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார், இரண்டு தடவையும் வார்த்தை வரவில்லை. முப்பது பாத்திரம் மனப்பாடமான மனிதருக்குச் சொந்த மகளிடம் சொல்ல ஒன்றும் இல்லை.

"கேளுங்கோ அண்ணை," என்றார் மெல்ல.

"என்னத்தை?"

"என்னட்டக் கேட்ட மாதிரி. எல்லாத்தையும்."

அன்று பின்னேரம் அவருக்கு மேடை இருந்தது. எனக்கு அது தெரியும். "இண்டைக்குப் பாடவேணும், கதைக்கக்கூடாது," என்றேன்.

"நாற்பது பேர் பாடுவினம். நீங்கள் கேளுங்கோ."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, கண்ணாடியில் அந்தப் பிள்ளையைப் பார்த்து, விமானத்தில் சாப்பாடு தந்தார்களா என்று கேட்டேன். அவர் திரும்பி இருந்து மொழிபெயர்த்தார். ஒரு பிஸ்கட்தான் தந்தார்களாம். எந்தப் பாடம் பிடிக்கும்? கணக்குப் பிடிக்காதாம். சிநேகிதிகள் எத்தனை பேர், அவர்கள் அழுதார்களா? மூன்று பேர். ஒருத்தி அழுதாளாம். அதைச் சொல்லும்போது அவளுக்கே குரல் தளம்பியது. இரைச்சலுக்கு மேலாக, கையை ஆட்டி ஆட்டி, கெல்சென்கிர்ச்சன் வரும்வரை அவர் ஒரு சொல்லும் விடாமல் இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டே வந்தார். எங்கள் வாசலில் இறங்கும்போது அவருக்குத் தொண்டை முழுக்கக் கட்டியிருந்தது.